கூமுட்டை பத்தொன்பது, குட்டி பதினாறு: போவா இனப்பெருக்கத்தில் மூன்று முயற்சிகள்

என் பெண் போவா பாம்பு ஈன்று நான்கு மாதம் ஆகிறது. அன்று காலை பெட்டிக்குள் எண்ணியபோது மொத்தம் 23 கிடந்தன: உயிரோடு 17 குட்டிகள், இறந்து பிறந்தவை 2, மஞ்சள் மெழுகுக் கட்டி போன்ற, கரு வளராத கூமுட்டைகள் 4. பதினேழில் ஒன்று என் கைத்தவறால் நான்காம் நாள் செத்துப்போனது. மிச்சம் 16. இது மூன்றாவது முயற்சி. முதல் முயற்சியில் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவதில் 19 வந்தன, அத்தனையும் கூமுட்டை. நான்கு ஆண்டுக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தோற்ற ஆண்டுகளின் பக்கங்கள்தான் எனக்கு அதிகம் உதவின, அவற்றைச் சுருக்கப்போவதில்லை.

போவா முட்டையிடாது, குட்டியாகவே ஈனும். பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்களைப் போல அடைகாப்புக் கருவி வாங்கிப் பராமரிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில்தான் இதில் இறங்கினேன். தாய் படுத்திருக்கும் பெட்டியே அடைகாப்புக் கருவி என்பது மண்டையில் ஏற இரண்டு பருவம் பிடித்தது.

தொடங்கியபோது பெண்ணுக்கு நான்கு வயது, நீளம் 1.8 மீட்டர், எடை 4.9 கிலோ. ஆணுக்கு இரண்டு வயது, 1.4 மீட்டர், 1.5 கிலோ. நடு அமெரிக்க வகை, போவா இம்பரேட்டர். தென் அமெரிக்கப் போவாவைவிடக் கொஞ்சம் சிறிய உடல்வாகு. இதுவும், தென் அமெரிக்கப் போவாவான போவா கன்ஸ்டிரிக்டரும் காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன; கன்ஸ்டிரிக்டரின் அர்ஜென்டினா துணையினம் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். வளர்க்க உரிமமோ பதிவோ தேவைப்படும் இடங்களும், அடியோடு தடைசெய்த இடங்களும் உண்டு. பாம்பை வாங்குவதற்கு முன்பே அந்தக் காகிதங்களைச் சரிபார்த்துவிடுவது நல்லது. இருபது குட்டிகள் பிறந்தபின் பார்த்தால் தலைவலி இருபது மடங்காகும்.

ஆண்தானா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுகட்டாதீர்கள். கழிவாயின் இருபுறமும் சிறு நகம்போல நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள், எப்போதோ இருந்த பின்னங்கால்களின் மிச்சம், ஆணுக்குப் பெரிதாக இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் என் பெண்ணுக்கே அவை கணிசமாக இருந்தன. கால்நடை மருத்துவர் மழுங்கிய மெல்லிய கம்பியை மசகிட்டு, கழிவாய் வழியே வால்பக்கமாக நுழைத்துப் பார்த்தார். பெண்ணில் மூன்று செதில் ஆழத்தோடு நின்றது. ஆணில் பத்துச் செதில் வரை போனது. ஐந்து நிமிட வேலை. இதைப் பழகாத கையால் செய்து காயப்படுத்திவிட்டால் அந்தப் பாம்பு இனப்பெருக்கத்துக்கே உதவாமல் போகலாம். காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளில் இது முதலாவது.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. ஆண் வந்ததும் வேறு அறையில் ஆறு மாதம் தனியே வைத்திருந்தேன். போவாக்களை அழிக்கும் உட்பொருள் நோய்க்கு (உயிரணுக்களுக்குள் புரதத் திரட்சிகள் சேரும் நோய்) அரினாவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் காரணமாக இருக்கிறது என்பது 2012-இல்தான் வெளிவந்தது. நோய்க்குறி எதுவும் காட்டாமலே போவா அதைப் பல ஆண்டுகள் சுமந்து திரியும். தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். இரண்டு பாம்புக்கும் இரண்டு முறை சோதித்தேன். தனிமைக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் மிதக்கின்றனவா என்று தினமும் பார்ப்பேன். மிதந்தால் அது பாம்பு உண்ணி. நல்லவேளை, ஒரு நாளும் மிதக்கவில்லை.

இனி முதல் தோல்வி.

பெண்ணின் பெட்டி 180 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் நானே செய்தது. கூரையில் 80 வாட் வெப்பத் தகடு, அதற்கொரு தெர்மோஸ்டாட், அதாவது உணரியால் வெப்பத்தை அளந்து தகட்டை இயக்கவும் நிறுத்தவும் செய்யும் கருவி. இடம் போதாமல் இந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியின்மேல் ஏற்றியிருந்தேன். கீழ்ப்பெட்டியில் வளரும் இளம் போவா ஒன்று. அதற்கு இரவும் பகலும் வெப்பம் வேண்டும்.

போவாக்களை இணைசேரத் தூண்டுவது இரவுக் குளிர்ச்சி. பகலில் வெப்ப மூலை வழக்கம்போல 31 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இரவில் மட்டும் 22, 23-க்கு இறங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டில் இரவுக்கு 22 என்று வைத்தேன். காட்சித்திரை ஒன்பது வாரமும் இரவில் 22, 23 என்றே காட்டியது. ஆணை உள்ளே விட்டேன். அது பெட்டியைச் சுற்றிப்பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது. எடுத்தேன், விட்டேன், எடுத்தேன், விட்டேன். பதினொரு முறை. பதினொரு முறையும் தண்ணீர்த் தொட்டிதான்.

பருவம் முடிந்தபின் வேறு எதற்கோ ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன், துப்பாக்கி போலப் பிடித்து அழுத்தும் வகை. நள்ளிரவில் விளையாட்டாகப் பெட்டித் தரையில் நீட்டினேன். 28.4. நம்பாமல் நான்கு இடத்தில் நீட்டினேன். வலது மூலையில் 28, நடுவில் 28, இடது ஓரத்தில் மட்டும் 24. கீழ்ப்பெட்டியின் வெப்பத் தகடு அதன் கூரையைச் சுடவைக்க, அந்தக் கூரை மேல்பெட்டியின் தரையைச் சுடவைத்திருக்கிறது. உணரியோ பக்கச் சுவரில் 30 சென்டிமீட்டர் உயரத்தில் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று குளிர்ந்திருக்கிறது, பாம்பு படுக்கும் தரை குளிரவே இல்லை. ஒன்பது வாரம் நான் குளிர்வித்தது சுவரை.

இரண்டு பெட்டிக்கும் இடையில் நான்கு மரக்கட்டைகள் வைத்து 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். கீழ்ப்பெட்டிக் கூரைமேல் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை ஒட்டினேன். இரவுத் தரை வெப்பம் 23.5-க்கு வந்தது. ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

அதே ஆர்வத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். உணரியைத் தரைமட்டத்துக்கு இறக்கி ஒட்டுநாடாவால் ஒட்டினேன். மறுநாள் காலை நாடா ஆணின் கழுத்தில் இருந்தது; உணரி பெட்டிக்கு வெளியே கிடந்தது. வெளியறைக் குளிரை அளந்த தெர்மோஸ்டாட், வெப்பம் போதவில்லை என்று தகட்டை விடாமல் எரியவைத்திருந்தது. தகடு சிறியது, இரவு குளிர்ந்தது, பிழைத்தோம். பாம்பின் செதிலில் ஒட்டிய நாடாவைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஓரம் ஓரமாக ஊறவைத்து எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. பாம்பு அடைப்புக்குள் எந்தவகை ஒட்டுநாடாவும் கூடாது என்று எல்லாருக்கும் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்; எனக்கும் சொல்லியிருந்தார்கள். இப்போது பலகையில் துளையிட்டு, உணரியைப் பிளாஸ்டிக் கவ்வியும் திருகாணியும் கொண்டு இறுக்கியிருக்கிறேன். கூடவே, குறித்த அளவைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடரில் இணைத்தேன். அது 35 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது. இதுவரை ஒரு முறைகூட வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அந்த ஆண்டு நண்பர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னது: “ஆணே தேவையில்லையாமே, சும்மா விட்டுப்பாருங்கள்.” கேலியானாலும் அதில் உண்மை உண்டு. ஆணின் பங்கே இல்லாமல் ஒரு பெண் போவா இரண்டு ஈற்றுக் குட்டிகளை ஈன்றதை மரபணுச் சோதனை 2010-இல் உறுதிப்படுத்தியது. எல்லாமே பெண் குட்டிகள். என் பெண்ணுக்கு அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டு குளிர்ச்சி சரியாகவே அமைந்தது. ஆணை விட்ட மூன்றாம் வாரமே அது பெண்ணின் முதுகில் ஏறி, அந்த முட்களால் பக்கவாட்டுச் செதில்களைச் சுரண்டத் தொடங்கியது. காய்ந்த இலைமேல் நகம் ஓடுவதுபோலச் சத்தம், பக்கத்து அறைவரை கேட்டது. வால்கள் பின்னிக்கொண்டு கிடந்ததை மூன்று முறை கண்ணால் பார்த்தேன். நான் மிதப்பில் இருந்தேன். அந்த மிதப்புதான் கெடுத்தது.

ஆணை விட்டு எழுபது நாள் ஆகியிருந்தபோது பெண்ணின் நடுவுடல் தடித்தது. கருமுட்டை வெளிப்படும்போது பாம்பு பெரிய எலியை விழுங்கியதுபோல நடுவில் புடைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். “இதோ” என்று குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதினேன். ஆணை எடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் பெண் சட்டை உரித்தது. கருமுட்டை வெளிப்பட்டபின் வரும் சட்டையுரிப்பிலிருந்து ஏறத்தாழ 105 நாளில் குட்டி வரும் என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நாட்காட்டியில் வட்டம் போட்டேன். குட்டிகளுக்குப் பெட்டிகள்கூட வாங்கிவிட்டேன்.

105 ஆம் நாள் வந்தது, போனது. 115. 120 ஆம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேன் திரையில் துடிப்பு எதுவும் இல்லை. ஒரே மாதிரியான வட்டக் கட்டிகள் வரிசையாக இருந்தன. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்புகூட இல்லை. ஈனும் நாள் நெருங்கிய போவாவை எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் முதுகெலும்புகள் நூல்கண்டு போலத் தெரிய வேண்டும். “காத்திருங்கள், தானாக வெளித்தள்ளும், தள்ளாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள்” என்றார். 131 ஆம் நாள் பத்தொன்பதும் வந்தன.

எங்கே பிசகியது என்பதைப் படங்கள் காட்டிக்கொடுத்தன. வாரத்துக்கு இரண்டு முறை எடுத்துவைத்திருந்த படங்களை வரிசையாகப் பார்த்தபோது, நான் சிவப்பு மையால் குறித்த புடைப்பு பத்து நாளுக்குமேல் மெதுவாக ஏறி மெதுவாகவே இறங்கியிருந்தது. அது முட்டைப்பைகள் பருத்ததால் வந்த தடிப்பு. உண்மையான புடைப்பு ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போய்விடும். ஐந்து வாரம் கழித்து எடுத்த ஒரே ஒரு படத்தில் அது இருந்தது. பாம்பு கோணலாக, ஏதோ விழுங்கியதுபோல, பெட்டியின் நடுவே நீட்டிக் கிடந்தது. அப்போது ஆண் அடுத்த அறையில் சுகமாக எலி தின்றுகொண்டிருந்தது. போவா விந்தைச் சேமித்துவைக்கும் என்பார்கள். என்னுடையது எனக்காகச் சேமிக்கவில்லை. நான் “கருமுட்டைக்குப் பின் சட்டை” என்று வட்டம் போட்டது சாதாரணச் சட்டை. இரண்டு சட்டைக்கும் தோற்றத்தில் வேறுபாடு கிடையாது. எதற்குப் பின் வந்தது என்ற வரிசை ஒன்றுதான் அடையாளம். வரிசையின் தலையே தப்பென்றால் கணக்கு முழுதும் தப்பு.

கூமுட்டையானாலும் தாய் உடல் உருகித்தான் போகிறது. அவள் 5.6 கிலோவிலிருந்து 4.4-க்கு இறங்கியிருந்தாள். அடுத்த ஆண்டு முழுக்க ஓய்வு. பதினான்கு நாளுக்கு ஒரு எலி, அவசரமே இல்லாமல். வேகமாகத் தீனி போட்டு எடை ஏற்றினால் சதைக்குப் பதில் கொழுப்பு ஏறும்; கொழுத்த போவா சரியாக ஈனாது. மூன்றாம் முயற்சி தொடங்கிய அன்று அவளுக்கு ஏழு வயது, 2 மீட்டர், 6.3 கிலோ. ஆணுக்கு ஐந்து வயது, 2.4 கிலோ.

இந்த முறை கருவிகளில் மூன்று மாற்றம். முன்பு பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசில் பாம்பைத் துணிப்பையில் தொங்கவிட்டு எடைபோடுவேன். பாம்பு அசைய அசைய எண் 200 கிராம் கூடும், குறையும். சரக்கு எடைபோடும் தட்டுத் தராசு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 5 கிராம் துல்லியம். இரண்டாவது, பெட்டித் தரையில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்து, நேர் மேலே ஒரு மலிவான கேமராவைப் பொருத்தி நாளைக்கு இரண்டு படம் எடுக்கவைத்தேன். மூன்றாவது நூல். சாதாரணப் பருத்தி நூல். மூன்று நாளுக்கு ஒருமுறை உடலின் நடுவே தளர்வாகச் சுற்றி, அளவுகோலில் வைத்துப் பார்ப்பேன். மூன்றில் எது அதிகம் உதவியது என்று கேட்டால் நூல்தான்.

நாட்களை எண்ணாலேயே சொல்கிறேன். மாதப் பெயர் பூமியின் எந்தப் பாதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். கடைசித் தீனி கொடுத்தது பூச்சிய நாள். பதினான்கு நாள் வயிறு முழுதும் ஒழியவிட்டேன். வயிற்றில் இரையோடு குளிர்வித்தால் இரை உள்ளேயே அழுகும்; இதில் மட்டும் சமரசம் கிடையாது. 14 ஆம் நாளிலிருந்து இரண்டு இரவுக்கு ஒரு டிகிரி குறைத்து, இரவுத் தரை 22.5-இல் நிறுத்தினேன். பகல் வெப்பமூலை 31-லேயே இருந்தது, ஆனால் எட்டு மணி நேரம் மட்டும். ஈரப்பதம் 65 விழுக்காடு. குளிரும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் சளி பிடிக்கும். வாயோரம் நுரையோ, மூச்சில் சீட்டியோ இருந்தால் அன்றே குளிர்ச்சியை நிறுத்திவிட வேண்டும். நான் தினமும் காதை வைத்துக் கேட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

30 ஆம் நாள் ஆணைப் பெண்ணின் பெட்டிக்குள் விட்டேன். நான்கு நாள் சேர்த்து, மூன்று நாள் பிரித்து. முதல் இணைப்பைப் பார்த்தது 47 ஆம் நாள். அதன்பின் ஒன்பது முறை பார்த்தேன், பார்க்காதவை எத்தனையோ. ஆண் தீனியைத் தொடவே இல்லை. நான்கு மாதத்தில் 2.4 கிலோவிலிருந்து 2.05-க்கு வந்துவிட்டது. இன்னும் இறங்கியிருந்தால் எடுத்திருப்பேன்.

நூலின் அளவு 25 சென்டிமீட்டரில் தொடங்கியது. 75 ஆம் நாள் வாக்கில் 27, 27.5. போன முறை என்னை ஏமாற்றியது இதுதான். இந்த முறை அசையவில்லை, ஆணையும் எடுக்கவில்லை. 108 ஆம் நாள் காலை அவள் பெட்டியின் நடுவில் பாதி திரும்பிக் கிடந்தாள். உடலின் நடு மூன்றிலொரு பங்கு கல்லுபோல இறுகிப் புடைத்திருந்தது. நூல் 31.5 காட்டியது. தீனி தின்று மூன்றரை மாதமாகிறது, ஆகவே இரையாக இருக்க வாய்ப்பே இல்லை. மறுநாள் மாலை 28.5. மேலும் ஒரு நாள் விட்டுவைத்து, 110 ஆம் நாள் ஆணை எடுத்து அதன் பெட்டியில் விட்டேன். வைத்த எலியை அது அன்றிரவே விழுங்கியது.

குளிர்ச்சியை உடனே நிறுத்தினேன். இரவும் பகலும் வெப்பமூலை 31.5, குளிர்மூலை 26. 118 ஆம் நாள் அவள் கண்கள் நீலம் பூத்தன. 126 ஆம் நாள் ஒரே துண்டாகச் சட்டை உரித்தாள். புடைப்புக்குப் பதினெட்டு நாள் கழித்து. வரிசை சரியாக வந்தது. நாட்காட்டியில் மறுபடி வட்டம். இந்த முறை பென்சிலால்.

சினைக்காலத்தில் செய்வதற்கு அதிகமில்லை, கெடுப்பதற்குத்தான் நிறைய. நானும் கெடுத்தேன். கூடுதல் வெப்பம் கருவுக்கு நல்லது என்று நினைத்து வெப்பமூலையை 34-க்கு ஏற்றினேன். அதுவரை நாள் முழுக்க அங்கேயே கிடந்தவள், அன்று குளிர்மூலைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அசையவில்லை. 31.5-க்கு இறக்கிய மூன்று மணி நேரத்தில் திரும்பிவந்தாள். எத்தனை டிகிரி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். என் வேலை இரண்டு மூலையையும் வேறுபட்ட வெப்பத்தில் வைத்து, தேர்ந்துகொள்ள விடுவது. அளவுமீறிய வெப்பம் குட்டிகளின் முதுகெலும்பைக் கோணலாக்கும் என்பதைப் பின்னால் மருத்துவர் சொன்னபோது அந்த இரண்டு நாளை நினைத்து வயிறு கலங்கியது. பிறந்தவற்றில் கோணல் எதுவும் இல்லை.

பாதிக்காலத்தில் வயிற்றை மேலே காட்டி மல்லாந்து படுக்கத் தொடங்கினாள். முதல்முறை பார்த்தபோது செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். சினைப் போவாக்கள் இப்படிப் படுப்பது வழக்கம்தானாம். உறைநீக்கிய சிறிய எலி ஒன்றை ஒரே முறை தின்றாள். அதன்பின் முகம் திருப்பிக்கொண்டாள். வற்புறுத்தவில்லை. அந்த நாட்களில் தராசில்கூட ஏற்றவில்லை, தூக்குவதையே நிறுத்திவிட்டேன்.

சட்டையிலிருந்து 106 ஆம் நாள், கணக்கில் 232 ஆம் நாள், விடியற்காலை. அறைக்கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் பச்சை இரத்தமும் கலந்ததுபோல ஒரு வாடை. பெட்டிக்குள் எங்கும் நெளிவு. ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் இருக்கும், பென்சிலைவிடக் கொஞ்சம் பருமன். பெரும்பாலானவை சவ்வைக் கிழித்து வெளியே வந்துவிட்டன. நான்கைந்து இன்னும் ஒளிபுகும் பைக்குள் சுருண்டிருந்தன.

இங்கேதான் கைத்தவறு. பைக்குள் ஒன்று அசையாமல் இருப்பதைப் பார்த்து, மூச்சுத் திணறுகிறதோ என்று சவ்வைக் கத்தரிக்கோலால் கீறிவிட்டேன். குட்டி உயிரோடுதான் இருந்தது. அதன் வயிற்றோடு நெல்லிக்காய் அளவு மஞ்சள்கரு ஒட்டியிருந்தது. கீறியதில் ஒரு இரத்தக்குழாய் அறுந்து கசிந்தது. ஈரக் காகிதத் துண்டின்மேல் தனியே வைத்தேன். மூன்று நாள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. நான்காம் நாள் இல்லை. பக்கத்தில் அதேபோல அசையாமல் கிடந்த இன்னொன்றை, கை நடுங்கியதால், அப்படியே விட்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அது மூக்கால் சவ்வைக் குத்திக்கொண்டு தானே வெளியே வந்தது. முகத்தின்மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டால் மூக்கருகே மட்டும் விரலால் விலக்கலாம். அதற்குமேல் கத்தரிக்கோலுக்கு அந்த அறையில் வேலையில்லை.

தாயை வெதுவெதுப்பான நீரில் கழுவி, பெட்டியையும் தேய்த்துக் கழுவி, தளத்தை மாற்றினேன். குட்டிகளின் வாடை இருக்கும்வரை சில தாய்கள் தின்னாது. எடை 4.5 கிலோ. முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் சிறிய எலி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

குட்டிகளின் எடை 48 முதல் 63 கிராம். பதினாறுக்கும் தனித்தனிப் பெட்டி: 30க்கு 20, உயரம் 10 சென்டிமீட்டர். காற்றுத் துளைகளைத் துளைக்கருவியால் போட்டதில் மூன்று பெட்டி விரிசல் விட்டது. பிறகு பற்றவைப்புக் கோலைச் சூடாக்கிப் போட்டேன். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் முள்ளாக நிற்கும், குட்டி மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை மண்டையைப் பிளக்கும். மூடிக்குப் பக்கத்துக்கு ஒரு கவ்வி இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஏழாம் எண் குட்டி மூலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் புத்தக அலமாரியின் பின்னால், மின்மாற்றியின் சூட்டில் சுருண்டிருந்தது. இப்போது நான்கு மூலைக்கும் கவ்வி.

ஈரக் காகிதத் துண்டு, ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த கிண்ணம், சிறிய தண்ணீர்ப் பாத்திரம், ஒரு முனையின் அடியில் வெப்ப நாடாவால் 31 டிகிரி. ஒன்பதாம் நாளிலிருந்து பதின்மூன்றாம் நாளுக்குள் எல்லாம் முதல் சட்டையை உரித்தன. அதன்பின் உறைநீக்கிய சுண்டெலிக் குஞ்சு, பத்து கிராமுக்குள். முதல்முறையே பதினொன்று தின்றன. மற்றவற்றுக்கு எலியைச் சுடுநீரில் இன்னும் நன்றாகச் சூடாக்கி, இரவில் பெட்டியில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு நகர்ந்துவிட்டேன். நான் நின்று பார்த்தவரை தின்னாதவை, பார்க்காதபோது தின்றன. பன்னிரண்டாம் எண் மட்டும் ஐந்து முறை மறுத்தது. ஆறாவது முறை சுண்டெலியைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்தபோது எடுத்துக்கொண்டது. அதற்கு வெளிச்சத்தில் சாப்பிடப் பிடிக்கவில்லை.

செலவுக் கணக்கை மறைக்க விரும்பவில்லை. பெரிய பாம்புகளின் பெட்டி, வெப்பத் தகடு எல்லாம் ஒருமுறைச் செலவு. ஆனால் குட்டிகளின் முதல் மூன்று மாதச் செலவு, தாய் தந்தை இருவரின் ஓராண்டுச் செலவைத் தாண்டியது. அதில் பாதி பெட்டிகளும் வெப்ப நாடாவும், கால் பங்கு மருத்துவர், மிச்சம் சுண்டெலி. உழைப்பு கணக்கில் இல்லை: பதினாறு தண்ணீர்ப் பாத்திரம் கழுவ தினமும் முக்கால் மணி நேரம். குட்டிகளைக் கொடுத்ததில் வந்தது செலவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டியது. இரண்டு சட்டை உரித்து, நான்கு முறை தின்றபிறகே ஒவ்வொன்றையும் கொடுத்தேன். இரண்டு மீட்டர் வளரும், இருபது ஆண்டுக்குமேல் வாழும் என்று சொன்னதும் மூன்று பேர் திரும்பிப்போனார்கள். பன்னிரண்டுக்கு வீடு கிடைத்தது. நான்கு என்னிடமே இருக்கின்றன, பன்னிரண்டாம் எண்ணையும் சேர்த்து.

அடுத்த முறை மாற்றப்போவது: குட்டிகளுக்கு வீடு தேடும் வேலையை இணைசேர்ப்பதற்கு முன்பே தொடங்குவேன். புடைப்புக்குப்பின் அறுபதாம் நாள் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவேன். காத்திருப்பது குட்டிக்கா கூமுட்டைக்கா என்பது அப்போதே தெரிந்துவிடும். பதினாறு தனித்தனிப் பெட்டிகளுக்குப் பதில் இழுப்பறைச் சட்டம் ஒன்று செய்வேன். அதற்கான பலகையை அறுத்துவைத்தாயிற்று.

இன்று காலை தட்டுத் தராசில் அவள் 5.3 கிலோ இருந்தாள். 6.3 வரும்வரை ஆணின் பெட்டி அடுத்த அறையிலேயே இருக்கும்.